பெரியப்பாவின் ஆங்லியா: பைபர் மூக்கைக் காப்பாற்ற வழி உண்டா?

கொட்டகலையான்:
வணக்கம் உறவுகளே. பதிவு கொஞ்சம் நீளம். தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து வாசியுங்கள்.

என் பெரியப்பா திம்புள்ளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் மெக்கானிக்காக இருந்தவர். 1975ல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் பொறுப்பேற்றபோது அங்கிருந்த வெள்ளைக்காரச் சின்னத்துரை (உதவி மனேஜர்) மூட்டை கட்டினார். கப்பலில் ஏற்ற முடியாத ஒன்றைப் பெரியப்பாவிடம் விட்டுப் போனார்: அவருடைய ரேஸ் கார். விற்றாரா, சும்மா கொடுத்தாரா என்பது எங்கள் குடும்பத்தில் இன்றுவரை தீராத வழக்கு. பெரியப்பா போன வருடம் தவறிவிட்டார். கோழிக்கூட்டுக்கு இடம் வேண்டும், அந்தச் சாமானை அப்புறப்படுத்து என்று பெரியம்மா உத்தரவு போட, கார் இப்போது என் தகரக் கொட்டகையில் நிற்கிறது.

ஃபோர்ட் ஆங்லியா 105ஈ. பின்கண்ணாடி உள்பக்கமாகச் சரிந்திருக்குமே, அதுதான். மாகாஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கும் இதைக் கொண்டுபோனார்கள், ஆனால் துரைக்கு உண்மையான பைத்தியம் கட்டுக்குருந்தைப் பழைய விமான ஓடுபாதையில் கால் மைல் தூரம் நேராக விடுவதுதான் என்று பெரியப்பா சொல்வார். முன்கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் மூக்கு முழுக்க ஒரே துண்டு பைபர், அதாவது கண்ணாடி நாரில் ரெசின் என்ற பிசின் ஊற்றி இறுக்கிய சாமான். பம்பர் பக்கத்தில் கீல். முன்னோக்கிக் கவிழ்த்துத் திறக்க வேண்டும். இரண்டு கதவும் டிக்கி மூடியும்கூட பைபர்தான்.

நிலைமை படங்களில் இருக்கிறது. மேலே தடித்த பச்சைப் பெயின்ட், அதற்குக் கீழே சிவப்பு. எங்கு பார்த்தாலும் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. கீல் பூட்டிய இடம் வீங்கிப் பிளந்திருக்கிறது. இடப்பக்க விளக்குக் குழியில் ஒரு கையகலத் துண்டே இல்லை. கொழுந்து நிறுக்கும் தராசில் மூக்கை மட்டும் தொங்கவிட்டேன்: 23 கிலோ.

கொழும்பில் ஒரு இடத்தில் காட்டினேன். தூக்கி எறி, புதிதாக அடித்துத் தருகிறோம் என்று சொன்ன விலையில் ஒரு முச்சக்கர வண்டியே வாங்கலாம். திருத்தலாமா, விட்டுவிடலாமா?

ஹட்டன் டிங்கர்:
தம்பி, 22 வருடமாக டிங்கரிங் செய்கிறேன். பைபர் என்பது வெடித்தால் வெடித்ததுதான். ஒரே வழி, உள்பக்கம் இரண்டு மூன்று படை மேட் (கண்ணாடி நார் விரிப்பு) போட்டுத் தடிப்பாக்கு, வெளிப்பக்கம் பட்டி இழுத்துத் தேய்த்துப் பெயின்ட் அடி. ஒரு கிழமை வேலை. இல்லையென்றால் பழைய ஆங்லியா ஒன்றின் தகர மட்கார்ட் தேடிப் பூட்டு. எங்கள் ரோட்டுக்குத் தகரம்தான் சரி.

வெள்ளவத்தை வேகம்:
தூக்கி மட்டும் எறிந்துவிடாதீர்கள். அதில் ஒரு அச்சு எடுத்தால் பத்து மூக்கு அடித்து விற்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025ல்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும்.

நோர்த்தாம்டன் பொடியன்:
கொஞ்சம் பொறுங்கள் அண்ணே, ஒன்றையும் வெட்டவேண்டாம். படம் 6ஐப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னச்சுக்குக் கீழே இலைவில்லுடன் சேர்த்து இரண்டு நீட்டு இரும்புத் தண்டு போகிறது பாருங்கள். கிளட்சைத் திடீரென்று விடும்போது அச்சு முறுக்கிக்கொண்டு வில்லை வளைக்காமல் இருக்கத்தான் அது. மலையேற்றத்துக்கு ஓடுகிறவர்கள் அவ்வளவு பாரமான தண்டைப் போடமாட்டார்கள். பக்கக் கண்ணாடிகள் பிளாஸ்டிக். சாரதி ஆசனம் பின்னால் தள்ளிப் பூட்டியிருக்கிறது. பெரியப்பா சொன்னது உண்மைதான், இது டிராக் ஓட்டத்துக்கு, அதாவது நேர்கோட்டு வேகப் போட்டிக்குச் செய்த கார்.

நான் இருக்கும் இடத்திலிருந்து சாந்தா பொட் ஓடுபாதை அரை மணி நேரம். பழைய போர் விமானத்தளத்தில் 1966ல் தொடங்கினார்கள், ஐரோப்பாவில் டிராக் ஓட்டத்துக்கென்றே அமைந்த முதல் நிரந்தரத் தடம் அது. இந்த வகைக் காரைச் சொந்தக் கண்ணால் நிறையப் பார்த்திருக்கிறேன். கால் மைல் என்பது 1,320 அடி, சுமார் 402 மீற்றர். நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு அந்தக் கோட்டைத் தாண்டுவதுதான் முழு விளையாட்டும். வளைவு கிடையாது. அதனால் பாரத்தை எங்கே கழற்றலாம் என்பதுதான் எல்லோருக்கும் கவலை. அமெரிக்காவில் ஃபோர்ட் கம்பனியே 1964ல் தண்டர்போல்ட் என்று ஒரு காரை விற்றது. 7 லீற்றர் எஞ்சின், ஆனால் பொனட்டும் முன் மட்கார்டுகளும் பைபர். உள்பக்க ஹெட்லைட் இரண்டையும் எடுத்துவிட்டு அந்த ஓட்டை வழியாக எஞ்சினுக்குக் காற்று விட்டார்கள்! 1966ல் மேர்க்குரி கொமெட்டுக்கு முழு உடம்பையும் ஒரே பைபர் ஓடாக அடித்து, பின்னால் கீல் வைத்துத் தூக்கித் திறக்கும்படி செய்தார்கள். உங்கள் துரை அந்தக் காலத்துச் சஞ்சிகைகளை வாசித்துத்தான் தன் சின்ன ஆங்லியாவுக்கு இந்த மூக்கை மாட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

(அமெரிக்காவில் ஆங்லியா டிராக் காருக்குப் பெயர் போனதுதான். ஆனால் அவர்கள் விரும்பியது 1940களின் உருண்டை மட்கார்ட் ஆங்லியாவை. அது வேறு வண்டி.)

ஆகவே அந்த பைபர் மெல்லியதாக இருப்பது குறை இல்லை. அதற்காகத்தான் அதைச் செய்தார்கள்.

பருத்தித்துறைப் படகு:
காரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பைபர் தெரியும். 19 வருடமாகப் படகு கட்டுகிறேன், அதைவிட அதிகமாகத் திருத்துகிறேன். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் இரண்டாகப் பிளந்த படகுகளையே ஒட்டிக் கடலில் விட்டிருக்கிறோம். உங்கள் மூக்கு ஒரு பிரச்சினையே இல்லை.

முதலில் எது பைபர், எது பட்டி என்று கண்டுபிடியுங்கள். தகரக் காரில் காந்தம் வைத்துப் பார்ப்பீர்கள், இதில் காந்தம் ஒட்டாது. இரவில் கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு, மூக்குக்குள் ஒரு பல்பை எரியவிட்டு வெளியே நின்று பாருங்கள். நல்ல பைபர் தேன் நிறத்தில் ஒளி விடும். படை பிரிந்த இடம் வெளுத்துத் தெரியும். பட்டி அப்பிய இடம் கறுப்பாக இருக்கும். பெயின்ட் தடிப்பென்றால் முதலில் அதைத் தேய்த்து எடுக்கவேண்டும். தேய்த்துத்தான் எடுக்கவேண்டும், சொல்லிவிட்டேன். பெயின்ட் கரைக்கும் மருந்து பூசினால் அது ரெசினுக்குள்ளும் இறங்கி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். மணல் வீசியும் எடுக்கக்கூடாது.

அப்புறம் ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டிக்கொண்டே போங்கள். பலாப்பழம் தட்டிப் பார்க்கிற மாதிரித்தான். டக் டக் என்றால் நல்லது. பொத்துப் பொத்தென்றால் உள்ளே படை விட்டுவிட்டது, சோக்கால் வட்டம் போட்டு வையுங்கள்.

கொட்டகலையான்:
மூன்று கிழமை ஆகிவிட்டது, மன்னிக்கவும். பச்சையும் சிவப்பும் தேய்த்து முடிக்கவே அவ்வளவு நாள். உடம்பெல்லாம் கண்ணாடித் தூள் அரிப்பு.

நேற்றிரவு பல்பு வைத்துப் பார்த்தோம். பெரியம்மாவும் வந்து நின்றார். விளக்கை அணைத்ததும் அந்த மூக்கு, எப்படிச் சொல்வது, பெரிய கார்த்திகைக் கூடு மாதிரி எரிந்தது. உள்ளே இழை இழையாகக் கண்ணாடி நார் தெரிகிறது. துரையோ வேறு யாரோ தூரிகையால் ரெசின் இழுத்த திசைகூடத் தெரிகிறது. ஒரு மூலையில் பூச்சி ஒன்று அகப்பட்டுக் கிடக்கிறது, குளவி என்று நினைக்கிறேன். ஐம்பது வருடமாக அங்கேயே இருக்கிறது.

ஆனால் வலப்பக்கம் முழுக்கக் கறுப்பு. ஒரு முழ அகலத்துக்குப் பட்டி. எங்கேயோ மோதி, யாரோ ஹட்டன் அண்ணன் சொன்ன அதே முறையில் திருத்தியிருக்கிறார்கள். பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "அது உங்கள் பெரியப்பா செய்தது. லிந்துலைப் பாலத்தில் இடித்தார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இத்தனை வருடம் அவர் அதைச் சொன்னதே இல்லை.

பட்டியைச் சுரண்டி, கீல் பக்கத்து இரும்பையும் வெட்டி எடுத்த பிறகு தராசு காட்டுவது பதினைந்தரைக் கிலோ. ஏழரைக் கிலோ பட்டியும் பெயின்ட்டும் துருவும்!

பருத்தித்துறைப் படகு:
அந்த இரும்புதான் வீக்கத்துக்குக் காரணம். பைபருக்குள் இரும்புத் தட்டு வைத்து மூடினால் ஆணித் துவாரம் வழியாக ஈரம் போய்த் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பெருத்த பொருள், படையைப் பிளந்துகொண்டு வெளியே வரும். படகில் அந்த இடத்தில் பலகை வைப்போம், நீங்கள் அலுமினியத் தட்டு வையுங்கள். தட்டைக் கரடுமுரடாக்கி, ஓரத்தை உருட்டி, அகல வாஷர் போடுங்கள்.

திருத்தும் முறை: எப்போதும் உள்பக்கத்திலிருந்துதான். வெடிப்பைச் சுற்றி கிரைண்டரால் சரிவாகத் தேயுங்கள். ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்குப் பன்னிரண்டு மில்லிமீற்றர் அகலச் சரிவு. பழைய ரெசின் புதிய ரெசினுடன் தானாகக் கலக்காது, கரடான பரப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஒட்டும். அதனால் 36 அல்லது 40ஆம் நம்பர் தாளால் வெண்மையாகத் தேய்த்து, அசற்றோனால் துடைத்து, நன்றாக உலரவிட்டுத்தான் மேட் வைக்கவேண்டும். முதலில் சின்னத் துண்டு, அதற்குமேல் பெரிய துண்டு. உருளையால் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள்.

ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் நூறு கிராம் ரெசினுக்கு ஒரு கிராம் போதும். அது கண்ணில் தெறித்தால் பார்வை போகும். கண்ணாடி போடாமல் அந்தப் போத்தலைத் தொடவே கூடாது. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைத் தனியாக வாங்கியிருந்தால் அதையும் கேட்டலிஸ்டையும் நேருக்கு நேர் கலக்கவேண்டாம், வெடிக்கும். எங்கள் ஊரில் ஒரு பொடியன் கையில் இன்றும் தழும்பு இருக்கிறது.

ஹட்டன் டிங்கர்:
எல்லாம் சரி. ஆனால் நான் கேட்பது இதுதான். ஒரு படை, இரண்டு படை மேட் என்றால் ஒட்டு மொத்தத் தடிப்பு இரண்டு மில்லிமீற்றர். நம்முடைய தோட்டத்துப் பாதையில் பத்து மைல் ஓடினால் மறுபடி வெடிக்கும். மறுபடி என்னிடம்தான் வருவீர்கள். இன்னும் இரண்டு படை சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

நோர்த்தாம்டன் பொடியன்:
கணக்குப் போட்டுப் பார்ப்போம் அண்ணே. சாதாரணமாக வாங்கும் மேட் சதுர மீற்றருக்கு 450 கிராம். அது குடிக்கும் ரெசின் அதன் எடையில் இரண்டரை மடங்கு. ஒரு படைக்குச் சதுர மீற்றருக்கு 1.6 கிலோ வருகிறது, தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். இந்த மூக்கு மூன்றரைச் சதுர மீற்றர் என்று வைத்தால் ஒரு படை ஐந்தரைக் கிலோ. நீங்கள் சொல்லும் இரண்டு படை 11 கிலோ. ஒரு மில்லிமீற்றர் தகரத்தில் அதே அளவு 27 கிலோ. அதாவது நீங்கள் படை சேர்த்து முடிக்கும்போது தகர மூக்குக்கே பக்கத்தில் வந்துவிடுவீர்கள். பிறகு பைபர் எதற்கு?

இன்னொன்று. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் பலமும் கிட்டத்தட்ட அவ்வளவு போய்விடும். கட்டுக்குருந்தையில் ஓடிய அதே எஞ்சின் மலையில் மூச்சு வாங்கும், கார்புரேட்டர் ஜெட்டைச் சிறிதாக்காவிட்டால் கறுப்புப் புகையும் வரும். மலை எடுத்துக்கொள்கிற பலத்தை எங்கே திரும்பப் பிடிப்பது? பாரத்தில்தான்.

ஹட்டன் டிங்கர்:
அப்படியானால் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூ வையுங்கள். ஓட்டவேண்டாம்.

பருத்தித்துறைப் படகு:
சண்டை வேண்டாம். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முழுக்கத் தடிப்பாக்கவும் தேவையில்லை, வெறுமனே விடவும் தேவையில்லை. படகில் என்ன செய்கிறோம்? பலகை முழுக்கத் தடிப்பாகவா இருக்கிறது? உள்ளே விலா எலும்பு வைக்கிறோம். ஒரு பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்து உள்பக்கம் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஒரு படை மேட் சுற்றிவிடுங்கள். கிராம் கணக்கில்தான் பாரம் கூடும், ஆட்டம் பாதியாகக் குறையும். ஓரங்களிலும் கீலிலும் மட்டும் ஒரு படை கூடுதலாகப் போடுங்கள். நட்சத்திர வெடிப்பு வருவது பெரும்பாலும் ஆட்டத்தால்தான்.

கொட்டகலையான்:
விலா எலும்பு நல்ல யோசனை. இப்போது கெட்ட செய்தி.

மூக்கைத் தொடுமுன் ஒரு பழைய துண்டில் ஒத்திகை பார்த்தேன். நூற்றுக்கு ஒன்று கேட்டலிஸ்ட், அளந்துதான் ஊற்றினேன். இரண்டு நாள் ஆகியும் வெல்லப்பாகு மாதிரிப் பிசுபிசுக்கிறது. விரல் வைத்தால் ஒட்டிக்கொண்டு வருகிறது. ரெசின் பழுதா?

பருத்தித்துறைப் படகு:
அங்கே எத்தனை பாகை?

கொட்டகலையான்:
பகலில் 17, 18. விடியற்காலை 12. மழை விட்டபாடில்லை.

பருத்தித்துறைப் படகு:
அட, தவறு என்னுடையது தம்பி. நாங்கள் 30 பாகையில் வேலை செய்கிறவர்கள். எங்களுக்கு ரெசின் சீக்கிரம் இறுகிவிடுமே என்பதுதான் பயம், இறுகாது என்ற நினைப்பே வரவில்லை. 15 பாகைக்குக் கீழே அது தூங்கிவிடும். இரண்டு சதவீதம் போடுங்கள், ஆனால் கேட்டலிஸ்டை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. இடத்தைச் சூடாக்கவேண்டும். ரெசின், மேட், மூக்கு மூன்றும் 20 பாகைக்கு மேல் இருக்கவேண்டும். குளிர்ந்த பைபரில் சூடான ரெசின் ஊற்றியும் பிரயோசனம் இல்லை. ஐம்பது வருடம் ஈரத் தரையில் கிடந்த சாமான் என்பதால் சில நாள் காயவிட்டும் எடுங்கள்.

வெள்ளவத்தை வேகம்:
இந்த ரெசினை விட்டுவிட்டு எபொக்சி ரெசின் போடுங்கள். விமானத்துக்கே அதைத்தான் போடுகிறார்கள்.

பருத்தித்துறைப் படகு:
எபொக்சி நன்றாக ஒட்டும், மறுக்கவில்லை. ஆனால் சாதாரண மேட்டைச் சேர்த்துப் பிடிக்கும் பசை, உங்களிடம் இருக்கும் பொலியெஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும். எபொக்சியில் ஸ்டைரீன் கிடையாது, மேட் விறைப்பாகவே நிற்கும். நெய்த துணி வாங்கவேண்டும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் எபொக்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு வியர்வை படரும், கழுவாமல் அடுத்த படை போட்டால் உரிந்துவிடும். எபொக்சிக்கு மேல் பொலியெஸ்டர் ஜெல்கோட் என்ற மேல்பூச்சையும் நம்பிப் பூச முடியாது. ஏற்கனவே பொலியெஸ்டரில் செய்த சாமானைப் பொலியெஸ்டரிலேயே முடிப்பது சுலபம்.

கொட்டகலையான்:
சூட்டுக்கு ஒரு யோசனை. சித்தப்பா மகன் வேலை செய்யும் பெக்டரியில் கொழுந்து வாட்டும் மேல்மாடி இருக்கிறது. தொட்டிகளுக்குக் கீழே வெதுவெதுப்பான காற்று ஊதுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மூலையில் வைத்தால்?

வட்டகொடை டீமேக்கர்:
இந்த இழையைப் பல நாளாகச் சத்தமில்லாமல் வாசித்து வருகிறேன். இப்போது வாய் திறந்தே ஆகவேண்டும். தம்பி, கனவிலும் அதைச் செய்யாதே!

31 வருடம் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். வாட்டு மாடிக்குச் சவர்க்கார வாசனையோடு வந்தாலே எங்கள் காலத்தில் ஏச்சு விழும். நீ சொல்லும் ரெசின் வாசம் மூன்று நாள் போகாது. ஒரு தொட்டிக் கொழுந்து கெட்டால் அந்த இன்வொய்ஸ் (ஏலத்துக்குப் போகும் தேயிலைத் தொகுதி) முழுக்க ஏலத்தில் அடிபடும். உன் தம்பியின் வேலை அன்றைக்கே போய்விடும். அந்த வாசம் தீப்பற்றக்கூடியது என்றும் கேள்வி. கீழே அடுப்பு எரிகிற கட்டடம் அது.

கந்தப்பளை கரட்:
ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு. தம்பி, எங்களிடம் வாருங்கள். குடைமிளகாய் போட்ட பொலித்தீன் கூடாரம் ஒன்று இந்த மாதம் சும்மா கிடக்கிறது, செடியெல்லாம் பிடுங்கிவிட்டோம். வெளியே 17 என்றால் வெயில் அடிக்கும் நேரம் உள்ளே 30ஐத் தாண்டும். தரையில் பொலித்தீன் விரித்து, சொட்டுநீர்க் குழாயை மூடிவிட்டால் ஈரமும் இருக்காது. காலை பத்திலிருந்து இரண்டு மணி வரை உங்களுக்கு நேரம். மூன்று மணிக்கு மூடுபனி இறங்கிவிடும்.

வாடகை வேண்டாம். காரில் ஒரு தடவை ஏற்றினால் போதும்.

பருத்தித்துறைப் படகு:
இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இரண்டு பக்க வாசலையும் திறந்து காற்றோட்டம் விடுங்கள், மூச்சுக்கும் தீக்கும் இரண்டுக்குமே. பகலில் இறுகத் தொடங்கிவிட்டால் இரவுக் குளிர் பெரிதாகக் கெடுக்காது. கடைசியாக நாலைந்து நாள் வெயிலில் அப்படியே விட்டு வையுங்கள், அப்போதுதான் முழு உறுதி வரும்.

முக்கியமான ஒன்று: மூக்கைத் தனியாக வைத்து ஒட்டாதீர்கள். நெளிந்த நிலையில் இறுகினால் நெளிவும் நிரந்தரம்.

ஹட்டன் டிங்கர்:
அது சரி. காரில் பூட்டி, கதவோடு இடைவெளி பார்த்து, உள்பக்கம் மரச்சட்டம் குறுக்கே அடித்து நிறுத்திவிட்டுத்தான் கழற்றவேண்டும். அதை நான் வந்து செய்து தருகிறேன். சட்டம் அடிக்கிற வேலைக்குப் படகுக்காரரைப் பருத்தித்துறையிலிருந்து கூப்பிட முடியுமா?

நோர்த்தாம்டன் பொடியன்:
இடையில் ஒரு சின்னக் கேள்வி. படம் 11ல் டிக்கிக்குள் கிடக்கும் நம்பர் பலகையில் இருப்பது சிங்கள ஸ்ரீ எழுத்தா?

கொட்டகலையான்:
ஆமாம். பதிவுப் புத்தகமும் அதே இலக்கம்தான். மூக்கு கவிழும்படி செய்தபோது உள் மட்கார்டை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், முன் சஸ்பென்ஷன் அதில்தானே நிற்கிறது. அதனால் அடிச்சட்ட இலக்கமும் தப்பியிருக்கிறது. பலகையைப் புதிதாக எழுதலாமா என்று யோசிக்கிறேன்.

வட்டகொடை டீமேக்கர்:
அந்த எழுத்தைப் பார்த்தால் எனக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. 1957ல் அந்த எழுத்தைப் பலகையில் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடம் அதற்கு எதிராகக் கிளம்பிய போராட்டத்தில் பொகவந்தலாவையில் துப்பாக்கிச் சூடு நடந்து தோட்டத் தொழிலாளர் இரண்டு பேர் செத்தார்கள். எங்கள் அப்பா அதைச் சொல்லாத வருடம் இல்லை. பலகையை எழுதாதே என்று சொல்லவில்லை. சட்டப்படி அதுதான் இலக்கம். அழித்து எழுதாமல் பழைய பலகையையே கழுவி மாட்டு. பார்க்கிறவர்கள் அந்தக் காலத்தோடு சேர்த்துப் பார்க்கட்டும்.

கொட்டகலையான்:
சரி ஐயா. பழையதையே மாட்டுகிறேன்.

வெள்ளவத்தை வேகம்:
அச்சு விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள் 😀

பருத்தித்துறைப் படகு:
மறக்கவில்லை. திருத்தி முடிந்த பிறகு எடுக்கட்டும். வெடித்த சாமானில் அச்சு எடுத்தால் வெடிப்பும் அச்சில் விழும். மெழுகு ஆறேழு தடவை தேய்த்து, மேலே பிரிப்பு மருந்தும் பூசவேண்டும். அச்சின் தடிப்பு சாமானைவிட இரண்டு மடங்காவது இருக்கவேண்டும். ஓட்டத்துக்கு நகலை மாட்டிவிட்டு அசலை வீட்டில் வைக்கலாம், ஹட்டன் அண்ணைக்கும் சந்தோஷம்.

வட்டகொடை டீமேக்கர்:
எல்லோரும் மூக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். பிரேக்?

நோர்த்தாம்டன் பொடியன்:
ஐயா கேட்டது சரியான கேள்வி. இந்த ஆங்லியாவுக்கு நான்கு சக்கரத்திலும் எட்டு அங்குல ட்ரம் பிரேக்தான். மூலத்தில் 997 சிசி எஞ்சின், 39 குதிரை வலு. அதற்கு அது போதும். இப்போது உள்ளே இருப்பது கோர்ட்டினாவின் 1500. டிராக் ஓடுபாதையில் ஓடி முடித்த பிறகு நீண்ட தூரம் உருண்டு நிற்கலாம். ரம்பொடை இறக்கத்தில் அப்படி உருள முடியாது. முன்னால் டிஸ்க் பிரேக் மாற்றும்வரை மலைப் பாதையில் எடுக்கவே வேண்டாம். பழைய பிரேக் பட்டைகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கும், தூளை ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பைபர் மூக்கு மோதலில் உங்களைக் காப்பாற்றாது என்பதையும் மனதில் வையுங்கள். உள்ளே இரும்புக் கூண்டு அடிக்காமல் ஓடுபாதைப் பக்கமே போகக்கூடாது. அங்கே மட்டும் பாரம் பார்க்கவேண்டாம்.

கொட்டகலையான்:
நேற்று முடிந்தது. கந்தப்பளையில் ஐந்து நாள். முதல் நாள் ஹட்டன் அண்ணன் வந்து சட்டம் அடித்தார். அடித்துக்கொண்டே தகரம் என்றால் இதெல்லாம் தேவையில்லை என்று நூறு தடவை சொன்னார். சட்டம் அடித்த மூக்கை லொறியில் கட்டிக்கொண்டு போனோம். இரண்டு சதவீதக் கேட்டலிஸ்டில் நாற்பது நிமிடத்தில் இறுகத் தொடங்கியது. மூன்றாம் நாள் பதினொரு மணிக்கே மழை வந்து, ஒரு விலா எலும்பு பிசுபிசுத்துவிட்டது. அதை அறுத்தெடுத்து மறுபடி போட்டோம். குளவி இருந்த மூலையைத் தொடவில்லை.

இடப்பக்க விளக்குக் குழிக்கு வலப்பக்கத்தில் அச்சு எடுத்து வைத்துப் பார்த்தால் திருகி நின்றது. இடமும் வலமும் கண்ணாடியில் பார்ப்பது போல என்பது அப்போதுதான் உறைத்தது. கடைசியில் ஒரு அட்டையைத் திருப்பி வைத்து வரைந்து, அரத்தாளால் கையாலேயே உருட்டினேன்.

மறுபடி கொழுந்துத் தராசில் தொங்கவிட்டோம். அலுமினியத் தட்டு, விலா எலும்பு எல்லாம் சேர்த்து 16 கிலோ 250 கிராம். பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. பெரியப்பா பட்டி இழுத்த இடத்தில் பழைய சிவப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, அதைப் பார்த்துத்தான் நிறம் கலக்கப்போகிறேன்.

ஹட்டன் டிங்கர்:
வலக் கதவோடு இடைவெளி மேலே நாலு மில்லிமீற்றர், கீழே ஏழு. அது பைபர் இல்லை, கதவுக் கீல் தேய்ந்திருக்கிறது. சனிக்கிழமை வருகிறேன். சோடா வாங்கி வை.

கொட்டகலையான்:
வாங்கி வைக்கிறேன் அண்ணே. மழை இறங்குகிறது, கொட்டகைப் பொலித்தீனை இழுத்துக் கட்டவேண்டும். யாரிடமாவது 105ஈ முன்கண்ணாடி ரப்பர் இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள். பழையது கையோடு பொடிந்து வருகிறது.